ஜெயில் நெரிசல் பத்தி எழுதப் போறீங்களா? பர்சன்டேஜை இப்படிப் படிங்க

"ஆள் ஜாஸ்தி, அதான் அடிதடி"ன்னு ஒரே வரியில முடிச்சிடாதீங்க. நான் காலேஜ் ப்ராஜெக்ட்ல அப்படித்தான் எழுதி சார்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

மொதல்ல என்சிஆர்பி, அதாவது தேசிய குற்ற ஆவணக் காப்பகம் போடுற சிறைப் புள்ளிவிவர ரிப்போர்ட்டை டவுன்லோட் பண்ணுங்க, ஃப்ரீதான். 2022ல நாடு முழுக்க 4,36,266 பேருக்கு இடம், உள்ள இருந்தது 5,73,220 பேர், 131.4%. இது டிசம்பர் 31 அன்னிக்கு தலையெண்ணின கணக்கு, அதுவும் சராசரி. தமிழ்நாடு 100க்கு கீழதான், அதுக்காக இங்க எல்லா ஜெயிலும் காத்தாடுதுன்னு அர்த்தமில்ல.

அடுத்து அந்த பர்சன்டேஜை சதுர அடியா மாத்துங்க, இதுதான் முக்கியம். மத்திய அரசு 2016ல போட்ட "மாதிரி சிறைக் கையேடு" (மாடல் பிரிசன் மேனுவல்) படி பெரிய ஹால்ல ஒருத்தருக்கு 3.71 சதுர மீட்டர், சுமாரா 40 சதுர அடி. 180% கூட்டம்னா அது 22 ஆயிடும். ஆறுக்கு மூணு பாய் விரிச்சாலே 18 போச்சு, மிச்சம் நாலு சதுர அடியில பை, தட்டு, செருப்பு, அப்புறம் நடுராத்திரி பாத்ரூம் போறவன் கால் வைக்கிற இடமும் அதுலதான். தூக்கத்துல ஒருத்தன் கையை மிதிச்சா அடுத்து என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா!

அப்புறம் வார்டர் எத்தனை பேர்னு பாருங்க. ஒத்துவராத ரெண்டு பேரைப் பிரிச்சு வைக்க காலி ரூமும் வேணும், கவனிக்க ஆளும் வேணும். கலிஃபோர்னியாவுல 80,000 பேருக்குக் கட்டின ஜெயில்கள்ல ஒரு சமயம் 1,56,000 பேர், ஜிம்ல எல்லாம் அடுக்குக் கட்டில், சில இடத்துல 54 பேருக்கு ஒரே டாய்லெட். இது கோர்ட்டுக்குப் போச்சு. கேஸ் மருத்துவ வசதி பத்தினதுதான், ஆனா 2011ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இந்தக் கூட்டம் கலவரத்தையும் வன்முறையையும் வளக்குது, அதிகாரிங்களால கண்காணிக்கவும் முடியலன்னு சொல்லி 137.5%க்கு இறக்கச் சொன்ன உத்தரவை உறுதி பண்ணிச்சு.

வன்முறைன்னா கொலையை மட்டும் எண்ணாதீங்க. நம்ம 2022 ரிப்போர்ட்ல இயற்கைக்கு மாறான சாவு 159, அதுல 119 தற்கொலை. சின்னச் சின்ன அடிதடி எதுவும் இந்தக் கணக்குல வராது, அதுக்கு உள்ள இருந்துட்டு வந்தவங்கள கேக்கணும். எடுத்ததும் "அடிச்சாங்களா"ன்னு கேக்காதீங்க, "எந்த இடத்துல படுத்தீங்க, பாத்ரூம்லேர்ந்து எவ்வளவு தூரம், அந்த இடத்தை யார் குடுத்தா"ன்னு கேளுங்க, மத்ததெல்லாம் அவங்களே சொல்லிடுவாங்க.