கார்புரேட்டரைக் கழற்றும் முன் டேங்க்கைத் திறந்து பாருங்கள்

கோத்தகிரியில் மாமா வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தியபடி ஆறு வருஷம் நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் அது. சாவி கைக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் கிக்கரை உதைத்தது, முதல் தவறும் அதுதான். டேங்க்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை, அடியில் தண்ணீரும் துருவும். நம் மலையில் ஜூன் பிறந்தால் டிசம்பர் வரை ஈரம் விடாது, பாதி காலியான டேங்க் உள்ளுக்குள் வியர்த்துத் துருப்பிடிக்கும், பெட்ரோலில் கலக்கும் எத்தனால் வேறு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நான் உதைத்துக்கொண்டே இருந்ததில் அந்தக் கசடெல்லாம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கப்புக்குள் இறங்கிவிட்டது.

அதனால் முதலில் டேங்க். பழைய பெட்ரோலை இறக்கி, துருவைக் கழுவிக் காயவைத்து, பெட்ரோல் டேப்பையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இதை விட்டுவிட்டு கார்புரேட்டரை மட்டும் பளபளவென்று துடைத்து மாட்டினால் இரண்டே நாளில் மறுபடி அடைக்கும், அப்புறம் மெக்கானிக்கைத் திட்டுவோம்.

அடுத்த தவறு, பைலட் ஜெட்டில், அதாவது வண்டி நின்றபடி மெதுவாக ஓடும் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஓட்டைத் திருகில், கிளட்ச் கேபிள் இழையை விட்டுக் குத்துவது. எல்லாரும் செய்வதுதான், நானும் குத்தினேன். ஜெட் பித்தளை, இழை எஃகு. ஓட்டை மயிரிழை பெரிதானாலும் ஐட்லிங் கெட்டுவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கார்ப் கிளீனர் அடித்து ஊறவிட்டு, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அப்படியும் அடைப்பு போகவில்லை என்றால் மெல்லிய தூண்டில் நரம்பு, அதற்கும் மசியாவிட்டால் புது ஜெட். ரப்பர் வாஷர், ஓ-ரிங், புளோட் எதையும் கிளீனரில் ஊறப்போடாதீர்கள்.

ஐட்லிங்குக்குக் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன், உள்பக்கம் மெதுவாகத் திருப்பி எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதி வையுங்கள். இறுக்கினால் முனை போய்விடும்.

குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் கரி அடுப்போடு பெட்ரோல் வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

இனி நம் மலைக்கே உரிய தவறு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு, அதனால் அதே ஜெட்டில் பெட்ரோல் மிஞ்சி, பிளக் கரி பிடிக்கும், ஏற்றத்தில் வண்டி திணறும். சுத்தம் செய்தும் பிளக் கறுக்கிறதே என்று திரும்பத் திரும்ப கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். அதைவிட மோசம், ஊட்டிக்கென்று சின்ன மெயின் ஜெட் (முறுக்கும்போது பெட்ரோல் விடுவது) போட்டுவிட்டு, அதோடேயே மேட்டுப்பாளையம் இறங்கி கோவை ரோட்டில் முறுக்குவது. கீழே காற்று அடர்த்தி, பெட்ரோல் போதாது, டூ ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகிவிடும். ஏறி இறங்குகிற வண்டி என்றால் கம்பெனி ஜெட்டே இருக்கட்டும், மேலே கொஞ்சம் கரி பிடித்தால் பிளக்கைத் துடைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் முடித்தும் என் வண்டி ஐட்லிங்கில் ஏறி ஏறி இறங்கியது. கடைசியில் பார்த்தால் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வெடித்து அந்த வழியாகக் காற்று இழுத்திருக்கிறது. விரலால் அழுத்திப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மாமாவிடம் காட்டினேன். "வண்டியை நிறுத்தும்போதே அதை மாத்தணும்னு நினைச்சேன்டா" என்றார்.