வேர்ட்பிரஸில் நிறுவனத் தளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேர்ட்பிரஸ் 2003இல் வலைப்பூ எழுதும் மென்பொருளாகத்தான் வெளிவந்தது. இன்றைக்கும் அதன் அடிப்படைக் குணம் அதுதான்: கடைசியாக எழுதியது மேலே, பழையது கீழே. ஒரு பாடசாலைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ அறுகம்பை விருந்தினர் விடுதிக்கோ தளம் அமைக்கும்போது இந்தக் குணமே குறுக்கே நிற்கும். அங்கே வருபவருக்கு நீங்கள் நேற்று என்ன எழுதினீர்கள் என்பது முக்கியமில்லை. தொலைபேசி இலக்கம், அறை வாடகை, அனுமதிப் படிவம், திறக்கும் நேரம் இவைதான் வேண்டும்.

ஆகவே எதை போஸ்ட்டாகப் போடுவது, எதை பேஜாகப் போடுவது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். திகதி போனால் பழசாகிவிடும் விடயம் போஸ்ட்: விளையாட்டுப் போட்டி முடிவு, திருவிழா அறிவித்தல், கேள்விப்பத்திரக் கோரல். ஆண்டு முழுக்க அப்படியே இருப்பது பேஜ். 'எங்களைப் பற்றி' என்பதை போஸ்ட்டாகப் போட்டால், பத்துச் செய்தி வந்ததும் அது அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். தலையில் 2019ஆம் ஆண்டுத் திகதி வேறு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து செட்டிங்ஸில் ரீடிங் பகுதி. 'முகப்பு', 'செய்திகள்' என இரண்டு பேஜ் உருவாக்கி, முதலாவதை முகப்பாகவும் இரண்டாவதை போஸ்ட்டுகளின் இடமாகவும் தெரிவு செய்ய வேண்டும். 'செய்திகள்' பேஜை வெறுமையாக விடுங்கள். அதற்குள் என்ன எழுதினாலும் வேர்ட்பிரஸ் அதைக் காட்டாது, போஸ்ட் பட்டியலை மட்டுமே காட்டும். அதே திரையில் தேடுபொறிகளைத் தடுக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. தளம் கட்டும்போது அதில் சரி போட்டுவிட்டு, திறந்த பிறகு எடுக்க மறப்பவர்கள் அதிகம். பிறகு கூகுளில் வரவில்லையே என்று மாதக்கணக்கில் மண்டையை உடைப்பார்கள்.

விலையை வாக்கியத்துக்குள் புதைப்பது

மருதமுனைக் கைத்தறிச் சேலைகளுக்கு ஒரு தளம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு போஸ்ட், விலை, நீளம், நூல் வகை எல்லாம் ஒரே பந்திக்குள். அறுபது சேலை சேர்ந்த பிறகு நூல் விலை ஏறினால் அறுபதையும் திறந்து திருத்த வேண்டும். விலை வாரியாக அடுக்கவும் முடியாது, ஏனென்றால் கணினிக்கு அது வெறும் எழுத்து.

இதற்குத்தான் 2010இல் வந்த 3.0 பதிப்பு முதல் தனிப் பதிவு வகை, அதாவது கஸ்டம் போஸ்ட் டைப், ஒழுங்காகக் கிடைக்கிறது. 'சேலை' என்று ஒரு வகை உருவாக்கி, விலை, நீளம், நூல் என்பவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் வைத்தால் விலையை மட்டும் மாற்றலாம், வரிசைப்படுத்தலாம். இங்கே மூன்று இடத்தில் வழுக்கும்.

முதலாவது, இந்த வகையை உருவாக்கும் நிரலை தீமின், அதாவது தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பின், ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுதுவது. தீமுக்கு அப்டேட் வந்தால் நிரல் அழிந்துபோகும். தீமை மாற்றினாலும் கட்டுப்பாட்டுப் பலகையில் சேலைகள் ஒன்றும் தெரியாது. தரவுத்தளத்தில் அவை பத்திரமாக இருக்கும், பார்க்கும் வழிதான் மூடியிருக்கும். சிறியதொரு பிளகினாக, அதாவது வேர்ட்பிரஸோடு தனியாகச் சேர்க்கும் துணை நிரலாக, எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டாவது, வகையை உருவாக்கியதும் ஒவ்வொரு சேலையும் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை, காட்டும். பயப்பட வேண்டாம்: செட்டிங்ஸில் முகவரி அமைப்புக்கான பேர்மலிங்க் திரையைத் திறந்து, எதையும் மாற்றாமல் ஒருமுறை சேவ் செய்தால் சரியாகிவிடும். மூன்றாவது, வகையின் பட்டியல் முகவரிக்கும் ஒரு பேஜுக்கும் ஒரே பெயர் வைப்பது. பட்டியல்தான் முந்திக்கொள்ளும், பேஜ் திறக்காது. வகையின் உள்பெயர் 20 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பத்துப் பன்னிரண்டு பொருள்தான் என்றால் இத்தனை பாடு வேண்டாம். ஒரு பேஜில் ஒரு அட்டவணை போதும்.

தமிழ்த் தலைப்பும் முகவரியும்

தமிழில் தலைப்பு வைத்து அப்படியே பப்ளிஷ் செய்வது நம்மவர் எல்லோரும் விடும் பிழை. தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாக அந்தப் பக்கத்தின் இணைய முகவரியை ஆக்கும். ஒரு தமிழ்க் குறி யுனிகோடில் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகும். ஆக, ஒரு குறிக்கு 9 எழுத்து. புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனிக் குறிதான். வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கியிருக்கும் இடம் மொத்தம் 200 எழுத்து, அதாவது 22 குறி. 'மட்டக்களப்பு' என்ற ஒரு சொல்லே 12 குறி, 108 எழுத்து. 'மட்டக்களப்பு விளையாட்டுக் கழகம்' என்று எழுதினால் முகவரி 'மட்டக்களப்பு-விளையாட்டு' என்பதோடு வெட்டப்படும். அதே தொடக்கத்தோடு அடுத்த தலைப்பு வந்தால் பின்னால் 2, 3 என்று இலக்கம் ஒட்டும். அதை வட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளாகவே ஒரு நீண்ட வால் வரும். மோசடி லிங்க் என்று நினைத்து யாரும் தொடமாட்டார்கள்.

பப்ளிஷ் செய்வதற்கு முன்னரே முகவரியை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகக் கையால் எழுதிவிடுங்கள். பேர்மலிங்க் அமைப்பையும் முதல் நாளிலேயே திகதி இல்லாத, பெயர் மட்டுமுள்ள வகைக்கு மாற்றுங்கள். பிறகு பார்ப்போம் என்றால் மாட்டிக்கொள்வீர்கள்: போஸ்ட்டின் முகவரியை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும், பேஜுக்கு அந்த வசதி இல்லை.

பாமினியில் தட்டியது

அலுவலகத்தில் பாமினியில் தட்டிய வேர்ட் கோப்பைக் கொப்பி செய்து ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் எழுத்துரு. யுனிகோடுக்கு மாற்றாமல் ஒட்ட முடியாது. மாற்றிய பிறகும் ஒருதரம் வாசித்துப் பாருங்கள், இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழ்க் குழப்பமாகியிருக்கும். இந்தச் சிரமத்துக்காக அறிவித்தலைப் படமாக்கிப் போடுவது குறுக்குவழிபோலத் தெரியும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தளத்தின் தேடல் காணாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் வாசிக்காது, தொலைபேசி இலக்கத்தைத் தொட்டு அழைக்கவும் முடியாது. போஸ்டர் இருக்கட்டும், கீழே விபரத்தை எழுத்திலும் போடுங்கள்.

அம்பாறையில் மும்மொழித் தளம் என்றால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே பேஜில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்காதீர்கள். பொலிலாங் போன்ற பன்மொழிப் பிளகினில் மொழிக்கு ஒரு பேஜ் வைத்து இணைப்பதே முறை.

எல்லோருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுப்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது. வேர்ட்பிரஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு உரிமை நிலை உண்டு. செய்தி எழுதும் ஆசிரியருக்கு ஓதர் என்ற நிலை போதும். அதற்கும் கீழான கொன்ட்ரிபியூட்டர் கொடுத்தால் படம் ஏற்ற முடியாது, அதனால்தான் பலர் அலுத்துப்போய் நேரே அட்மினுக்குத் தாவுகிறார்கள். பேஜுகளைத் திருத்துபவருக்கு எடிட்டர். பிளகின் நிறுவும் உரிமை ஒருவரிடம், அதிகம் போனால் இருவரிடம் இருக்கட்டும்.

கடைசியாக நேரம். புதுத் தளத்தில் நேர வலயம் பூச்சியத்தில், அதாவது உலகப் பொது நேரத்தில், நிற்கும். காலை 6 மணிக்கென்று குறித்த அறிவித்தல் இங்கே 11.30க்குத்தான் வெளிவரும். ஜெனரல் செட்டிங்ஸில் கொழும்பைத் தெரிவு செய்யுங்கள். அதற்குப் பிறகும் பிந்தினால் காரணம் வேறு: யாராவது தளத்துக்கு வந்தால்தான் வேர்ட்பிரஸ் தன் மணிக்கூட்டைப் பார்க்கும். ஆள் வராத சிறு தளத்தில் நேரம் தவறிப்போகும். கொன்ஃபிக் கோப்பில் உள் க்ரோனை, அதாவது குறித்த நேர வேலைகளை ஓட்டும் பகுதியை, நிறுத்திவிட்டு, ஹோஸ்டிங் பலகையில் 15 நிமிடத்துக்கு ஒருதரம் ஓடும் க்ரோன் ஒன்றை வையுங்கள். மாரி வெள்ளத்துக்குப் பாடசாலை மூடும் அறிவித்தலைப் போட்டீர்கள் என்றால், பக்கங்களின் பழைய பிரதியைச் சேமித்துக் காட்டும் கேஷ் பிளகினையும் உடனே காலி செய்துவிட்டு, லொகின் செய்யாத இன்னொரு போனில் திறந்து பாருங்கள். லொகின் செய்த உங்களுக்குப் புதியதும் பெற்றோருக்கு நேற்றையதும் தெரிந்துகொண்டிருக்கலாம்.