சமோவாவின் பெயரை வகுப்பில் கற்பிக்கும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் பசிபிக் தீவுகளைப் பற்றிய பாடம் வரும்போது, பழைய வரைபடத்தில் 'மேற்குச் சமோவா' என்றும் புதியதில் 'சமோவா' என்றும் இருப்பதை மாணவர்கள் கவனித்துக் கேட்பார்கள். பெயர் மாறிவிட்டது என்று ஒரே வரியில் கடந்துவிட வேண்டாம்.

முதலில் வீட்டிலுள்ள பழைய பத்திரங்களின் நகல்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள் (அசல் வேண்டாம்). ஒரே ஊர் 1965 வரை சேலம் மாவட்டம் என்றும், பின்னர் தருமபுரி என்றும், 2004 முதல் கிருஷ்ணகிரி என்றும் எழுதப்பட்டிருப்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். நம் மாவட்டம் பிரிந்தது நிர்வாக வசதிக்காக. சமோவாவைப் பிரித்தவர்களோ அந்நியர்கள் என்ற வேறுபாட்டையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, கரும்பலகையில் மேற்கே சவாயி, உபோலு தீவுகளையும், கிழக்கே டுட்டுயிலாவையும் வரைந்து, நடுவில் ஒரு கோடு இடுங்கள். 1899ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியாக மேற்குப் பகுதி ஜெர்மனிக்கும் கிழக்குப் பகுதி அமெரிக்காவுக்கும் போயின. 1914இல் நியூசிலாந்து மேற்கைக் கைப்பற்றியது. அதன் ஆட்சியை எதிர்த்து 'மாவ்' என்ற அறவழி இயக்கம் வளர்ந்தது. 1929 டிசம்பர் 28 அன்று ஆபியா நகரில் ஊர்வலம் சென்றவர்கள் மீது காவலர்கள் சுட்டதில் அதன் தலைவர் துப்புவா தமசேசே லேயலோஃபி உயிரிழந்தார். இந்தப் பகுதிக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் பெயருக்குப் பின்னுள்ள உரிமைக் குரலை மாணவர்கள் இங்கேதான் உணர்வார்கள்.

1962 ஜனவரி 1 அன்று விடுதலை பெற்றபோது நாட்டின் பெயர் மேற்குச் சமோவா. 1976இல் ஐக்கிய நாடுகள் அவையில் 'சமோவா' என்றே சேர்ந்தாலும், அரசமைப்பைத் திருத்தி 'மேற்கு' என்ற சொல்லை நீக்கியது 1997 ஜூலையில்தான். அமெரிக்கச் சமோவாவில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது; ஒரே மொழியும் உறவுகளும் உடைய தங்கள் சமோவா அடையாளத்தை அம்மாற்றம் குறைத்துவிடும் என்று அவர்கள் கருதினார்கள். இரு தரப்பிலும் மாணவர்களைப் பேச வையுங்கள். தீர்ப்புச் சொல்வது ஆசிரியரின் வேலையன்று.

விடைத்தாளில் எழுதும்போது, விடுதலை முதல் 1997 ஜூலை வரையிலான நிகழ்வுகளுக்கு மேற்குச் சமோவா என்றும், பிற்பட்டவற்றுக்குச் சமோவா என்றும் ஆண்டோடு சேர்த்துக் குறிப்பிடப் பழக்குங்கள். மாணவர்களின் விடைகளில் தலைநகரங்களின் பெயர்கள் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன: சமோவாவுக்கு ஆபியா, அமெரிக்கச் சமோவாவுக்குப் பாகோ பாகோ.