பீக் டிஸ்ட்ரிக்டில் முதல் வட்ட நடை: காடு, மூர், பண்ணை

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்கள் முதன்முதலாக நாட்டுப்புற நடைக்குக் கிளம்பினால், படத்தில் பார்த்த ஒரு குன்றின் பெயரைப் போனில் தட்டிக் காரில் போய் இறங்குவார்கள். அரைமணி நேரம் ஏறிவிட்டு அதே வழியில் திரும்பிவிடுவார்கள். குன்றைப் பார்த்தாயிற்று, ஆனால் ஊரைப் பார்க்கவில்லை. புறப்பட்ட இடத்துக்கே வேறு வழியாக வந்து சேரும் வட்ட நடையில்தான் நிலம் ஒன்று இன்னொன்றாக மாறுவது காலுக்குத் தெரியும்.

ஷெஃபீல்டுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே உள்ள கிரிண்டில்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடியும் சுற்று ஒன்றை இங்கே விளக்குகிறேன். தூரம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். முதலில் ஓக் காடு, பிறகு மரமில்லாத மூர் மேடு, கடைசியில் ஆற்றங்கரைப் பண்ணை நிலம். மூன்று நிலத்துக்கும் மூன்று விதமான நடத்தை வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டால் வேறெந்த வட்ட நடையையும் நீங்களே திட்டமிடலாம்.

படி 1: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே மூன்றாம் வாரம் வரை பொருத்தமான காலம். காட்டில் புளூபெல் பூத்திருக்கும், வயலில் ஆட்டுக்குட்டிகள் இருக்கும், மூரில் பெரணி இன்னும் இடுப்பளவு வளர்ந்து பாதையை மூடியிருக்காது. ஹெதர் புதர்கள் ஊதா நிறத்தில் பூப்பது ஆகஸ்டில்தான். வசந்தத்தில் மூர் பழுப்பாகவே இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இந்தச் சுற்றில் மொத்த ஏற்றம் 350 மீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே கணக்குப்படி மூன்றரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நெய்ஸ்மித் வழியில் நின்று சாப்பிட்டதாகவோ, குட்டிகளைப் படம் எடுத்ததாகவோ தெரியவில்லை. புதியவர்கள் ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். காலை பத்து மணிக்குள் புறப்பட்டால் அவசரமே இருக்காது.

படி 2: பையில் என்ன, காலில் என்ன

பிடிமானமுள்ள அடிப்பாகம் கொண்ட நடைக் காலணி அவசியம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயவும் காயாது. கீழே வெயில் அடிக்கும்போதும் மேட்டில் காற்று குளிரும் என்பதால் மழைச் சட்டையும் கம்பளிச் சட்டையும் பையில் இருக்கட்டும். தண்ணீர் ஒன்றரை லிட்டர் போதும். சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சோறு போல ஆறினாலும் ருசி கெடாத எதுவும் சரி. விசில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி ஊதினால் அது ஆபத்து அழைப்பு. போனில் அழைக்க முடிந்தால் 999, முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேட்க வேண்டும்.

படி 3: வரைபடம் படிக்கப் பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் 1:25,000 அளவில் உள்ளது. அதில் 4 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு நீலச் சதுரமும் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். இதே படத்தைப் போனிலும் இறக்கிக்கொள்ளலாம். வீட்டிலேயே இறக்கிவிடுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னலை நம்ப முடியாது.

பச்சைக் கோடுகளைக் கவனியுங்கள். சிறு சிறு துண்டுகளாக ஓடும் பச்சைக் கோடு பொதுநடைபாதை. நீண்ட துண்டுகளாக ஓடுவது குதிரைக்காரர்களும் மிதிவண்டிக்காரர்களும் பயன்படுத்தும் பாதை. தரையில் முன்னதை மஞ்சள் அம்பும் பின்னதை நீல அம்பும் காட்டும். பண்ணை நிலம் தனியாருடையது. அங்கே உங்கள் உரிமை அந்தக் கோட்டின் மீது நடப்பது மட்டுமே, பக்கத்து வயலில் கால் வைக்க முடியாது. ஆனால் படத்தில் வெளிர்மஞ்சள் நிறம் பூசப்பட்ட மூர் நிலத்தில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். இந்த உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. அதற்கு முன்னால் 1932 ஏப்ரலில், இதே பீக் டிஸ்ட்ரிக்டின் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இந்த உரிமையைக் கேட்டு அத்துமீறி நடந்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் பீக் டிஸ்ட்ரிக்ட்தான்.

படி 4: காட்டுக்குள் ஏறுங்கள்

ரயிலை விட்டு இறங்கியதும் கிழக்கே பாருங்கள். ஏறத்தாழ 5.7 கிலோமீட்டர் நீளமுள்ள டோட்லி சுரங்கத்தின் வாய் தெரியும். 1894இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய சுரங்கம் இது. ஷெஃபீல்டிலிருந்து வந்திருந்தால் இப்போதுதான் அதிலிருந்து வெளிவந்திருப்பீர்கள்.

இருப்புப்பாதை மீதுள்ள பாலத்தைக் கடந்து, பர்பேஜ் ஓடையையும் கடந்து, வீடுகள் தொடங்கும் இடத்தில் வலப்புறம் காட்டுக்குள் ஏறும் பாதையில் திரும்புங்கள். இதுதான் பேட்லி பள்ளத்தாக்கு. ஓடை எப்போதும் உங்களுக்கு வலப்பக்கம், கீழே இருக்க வேண்டும். வேர்களும் பாசி படிந்த பாறைகளும் நிறைந்த பாதை. மழைக்குப் பிறகு வழுக்கும். ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் அவசரப்படாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வரும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் ஏப்ரல் கடைசியில் இந்த ஓக் மரப்பொந்துகளில் கூடு கட்டுகிறது. இலை முழுதாக விரியாத இந்த நாட்களில்தான் அதைக் கண்ணால் பார்ப்பது எளிது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு இது கிடைக்காது.

படி 5: மூருக்கு வெளியேறுங்கள்

காடு முடிந்ததும் ஓடையோரம் திறந்த புல்வெளி. விடுமுறை நாளில் குடும்பங்கள் குவிந்திருக்கும். இது லாங்ஷா எஸ்டேட். ஒரு காலத்தில் ரட்லண்ட் பிரபுவின் வேட்டை நிலம். நடப்பவர்களைக் காவலர்கள் விரட்டினார்கள். 1927இல் அது விற்பனைக்கு வந்தபோது ஷெஃபீல்டு மக்களிடம் நிதி திரட்டி 747 ஏக்கரை வாங்கும் முயற்சியை முன்னின்று நடத்தியவர் எத்தல் ஹெய்தோர்ன்த்வெய்ட். பிறகு அது இயற்கை இடங்களையும் பழம்பெரும் கட்டடங்களையும் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைக்கப்பட்டது. கூட்டம் பிடிக்காதவர்கள் இந்த ஒரு சங்கதிக்காகவாவது முகம் சுளிக்காமல் கடந்து போங்கள்.

ஓடையை ஒட்டியே மேலே போனால் ஏ6187 சாலை வரும். வளைவில் தேரை வாயைத் திறந்ததுபோல ஒரு பாறை இருக்கிறது; பெயரும் டோட்ஸ் மவுத். வண்டிகள் வேகமாக வரும் வளைவு, கவனமாகக் கடந்து, வடக்கே ஏறும் பாதையைப் பிடியுங்கள். ஒரு கிலோமீட்டரில் கார்ல் வார்க். மூன்று பக்கம் செங்குத்துப் பாறையும் ஒரு பக்கம் மனிதர் அடுக்கிய கல்மதிலும் கொண்ட பழங்கால அரண் அது. அங்கிருந்து பார்த்தால் வடமேற்கே இன்னும் உயரமாக ஹிகர் டோர், 434 மீட்டர். மதியச் சாப்பாட்டுக்கு அதன் பாறை மறைவு நல்ல இடம்.

மூரில் நடக்கும் விதம் வேறு. கருப்பான மெத்தென்ற தரை பீட். ஈரமாக இருந்தால் கணுக்கால் வரை இறங்கும். சேற்றைத் தவிர்க்க ஓரமாக நடந்தால் பாதை வருடா வருடம் அகலமாகிச் செடிகள் சாகும். ஆகவே நடுவிலேயே மிதித்துப் போங்கள், பூட்ஸ் அதற்குத்தான். தரையில் வானம்பாடியும் கர்லியூவும், நம் ஊர் ஆள்காட்டியின் உறவான லேப்விங்கும் முட்டையிடும் காலம் இது. அதனால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இந்த வெளிர்மஞ்சள் நிலத்தில் நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். நெருப்பு எதுவும் வேண்டவே வேண்டாம். வசந்தத்தில் காய்ந்து நிற்கும் சென்ற ஆண்டின் புல் எளிதில் பற்றும். பீட்டுக்குள் இறங்கிய தீ நாட்கணக்கில் புகையும்.

பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஹிகர் டோர் ஏறாதீர்கள். வந்த வழியே ஓடைக்கு இறங்கி, காட்டு வழியாக ரயில் நிலையம் திரும்புங்கள்.

படி 6: ஹாதர்சேஜுக்கு இறங்குங்கள்

ஹிகர் டோரின் மேற்குப் பக்கமாக இறங்கிச் சிறு சாலையைக் கடந்ததும், வரைபடத்தில் மிட்செல் ஃபீல்ட் என்ற பண்ணையைத் தேடுங்கள். அங்கிருந்து பச்சைக் கோட்டை விடாமல் பிடித்தால் ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் ஹாதர்சேஜ் ஊர். இங்கும் ரயில் நிலையம் உண்டு, அதே தடம்தான். கால் வலித்தால் இங்கேயே ரயிலேறலாம். முதல் நடைக்கு இந்தச் சுற்றை நான் பரிந்துரைப்பதே இதனால்தான்.

படி 7: ஆற்றோரப் பண்ணைகள்

ஊரிலிருந்து தெற்கே சாலையோடு போய், ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து, லெட்மில் பாலத்தில் டெர்வென்ட் ஆற்றைக் கடந்தவுடன் இடப்பக்கம் திரும்புங்கள். இனி நான்கு கிலோமீட்டர் ஆறு உங்கள் இடக்கைப் பக்கம். வயல், பிறகு காப்பிஸ் வுட் என்ற காடு, மறுபடி வயல் என்று போகும்.

கதவுகளை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விடுங்கள்; திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடியே. கற்சுவர்களில் ஏறக் கூடாது, சுண்ணாம்புக் கலவை இல்லாமல் அடுக்கியவை அவை, சரிந்துவிடும். தாய் ஆடு இல்லாத குட்டியைக் கண்டால் தூக்காதீர்கள், தாய் பக்கத்திலேயே இருக்கும்.

கன்றோடு நிற்கும் பசுக்களை மட்டும் அசட்டையாக நினைக்க வேண்டாம். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாமல், சத்தமில்லாமல், ஓடாமல் தள்ளிச் சுற்றி நடங்கள். நாயோடு போகும்போது மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் பெரும்பாலும் நாய் மீதுதான், நாய் ஓடித் தப்பிவிடும்.

கிரிண்டில்ஃபோர்ட் பாலத்தில் ஆற்றைக் கடந்ததும், இடப்பக்க வயல் பாதை ரயில் நிலையம் இருக்கும் பேட்லி பக்கம் கொண்டுபோய் விடும். நேரமிருந்தால் பேட்லி சேப்பலையும் பாருங்கள். 1588இல் இங்கிருந்த மாளிகையில் ஒளிந்திருந்த நிக்கோலஸ் கார்லிக், ராபர்ட் லட்லம் என்ற இரு கத்தோலிக்கக் குருமார்களைப் பிடித்துப் போய் டெர்பியில் கொன்றார்கள்.

படி 8: வீட்டுக்கு வந்ததும்

உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமயிர் ஓரம் எல்லாம் தேடுங்கள். பெரணிப் புதரிலும் ஆடுகள் மேயும் புல்லிலும் அது காத்திருக்கும். இருந்தால் நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுத்து எடுங்கள்; தீயோ எண்ணெயோ வைக்காதீர்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய் உண்ணிக் கடியைச் சொல்லுங்கள். லைம் நோயாக இருக்கலாம். சீக்கிரம் காட்டினால் மாத்திரையில் சரியாகும்.