மினி டிராக்டர் டயரில் தண்ணீர் ஏற்றுவது எப்படி?

வாழைத் தோட்டத்தில் கலப்பையை இறக்கியதும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறதா? பெரும்பாலும் இன்ஜினில் குறை இருக்காது, வண்டிக்கு எடை போதவில்லை. இரும்பு வெயிட் மாட்டலாம்தான், ஆனால் செலவு அதிகம். என் முதல் தேர்வு தண்ணீர்தான். லிட்டருக்கு ஒரு கிலோ. டயருக்கு 50 லிட்டர் பிடித்தால் இரண்டுக்கும் சேர்த்து 100 கிலோ.

குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்க கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நம் குமரி மாவட்டத்தில் அதற்கு வேலையே இல்லை. கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம், வால்வை அரித்துவிடும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கு அடியில் கனமான மரக்கட்டையும் கொடுங்கள். சக்கரத்தைச் சுற்றி வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, காற்றை இறக்கி, வால்வு ஊசியைக் கழற்றுங்கள்.

இனிமேல்தான் பலருக்கும் வேலை நின்றுபோகும். ஓஸை வால்வில் சொருகினால் கொஞ்ச நேரம் தண்ணீர் போகும், அப்புறம் நின்றுவிடும். டியூப் நிறைந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீரை எதிர்த்துத் தள்ளுகிறது. ஓஸை எடுங்கள், புஸ்ஸென்று காற்றும் தண்ணீரும் கலந்து பீறிடும். சத்தம் அடங்கியதும் மறுபடி சொருகுங்கள். இப்படியே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஓஸை எடுத்ததும் காற்றில்லாமல் தண்ணீர் மட்டும் வழிந்தால் மட்டம் வால்வு வரை வந்துவிட்டது. டயரில் சுமார் 75 சதவீதம் நிறைந்திருக்கும். அதற்கு மேல் வேண்டாம், காற்றுக்கு இடம் இருந்தால்தான் டயர் அதிர்வைத் தாங்கும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் டிராக்டர் பஞ்சர் கடைகளில் காற்றுப்போக்கியுடன் கூடிய அடாப்டர் (ஓஸை வால்வோடு இணைத்து, உள்காற்றை வெளியேவிடும் இணைப்பு) இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் வாங்கிவிடுங்கள், பாதி வேலை குறையும். மோட்டாரை விட மாடித் தொட்டித் தண்ணீரே எனக்குப் பிடிக்கும். வேகம் கைக்கு அடங்கி நிற்கும்.

ஊசியை மாட்டி, வால்வு மேலே இருக்கும்போதே காற்றடியுங்கள். உள்ளே இடம் குறைவு என்பதால் அழுத்தம் சட்டென்று ஏறும். கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவில் நிறுத்துங்கள். அடுத்த டயருக்கும் அதே அளவு தண்ணீர்.

உழுதபின் டயர்த் தடத்தைக் குனிந்து பாருங்கள். பட்டைகளின் அச்சு முழுக்கக் கலைந்திருந்தால் எடை இன்னும் போதவில்லை. வெட்டி வைத்ததுபோல் கூர்மையாக இருந்தால் எடை அதிகம். நடுவில் லேசாகக் கலைந்திருப்பதே சரி.

பின்சேர்க்கை: ரோட்டவேட்டரைத் தூக்கும்போது முன்பக்கம் எழும்புகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பின் டயர்த் தண்ணீர் அதற்கு உதவாது, முன் பம்பரில்தான் வெயிட் வேண்டும். தோவாளைப் பக்கத்து நெல்வயல்காரர்களுக்கு இன்னொன்று: கன்னிப்பூ, கும்பப்பூ என எந்த நெல் பருவமானாலும் தொளி உழவுக்கு (சேற்று உழவுக்கு) இந்த எடை ஆகாது, வண்டி புதைந்துவிடும். சேற்றில் இறக்கும் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வைக் கீழே கொண்டுவந்து ஊசியைக் கழற்றித் தண்ணீரை வடியவிட்டு, மறுபடி காற்றடித்துக்கொள்ளுங்கள்.