ஊக்கமருந்துச் சோதனை: டிரையத்லனில் புதிதாகத் தொழில்முறைக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, நேத்து காலையில சோதனைக்கு ஆள் வந்தாங்களாம். ஜாகா உள்ள விடலயாம். எனக்கு ஒரு போன்கூட பண்ணல."

போன வாரம் பினாங்கில் என்னிடம் டிரையத்லன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம்) பயிற்சி எடுக்கும் தங்கச்சி சொன்னது இது. ஜாகா என்றால் குடியிருப்பின் காவலாளி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஸ்டீராய்டு எடுக்காதே என்று யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மருந்தும் தொடாதவரையே கவிழ்க்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

இருப்பிட விவரத்தைப் பதிந்துவிட்டு மறப்பது

சோதனைப் பட்டியலில் இருப்பவர் எங்கே தூங்குகிறார், எங்கே பயிற்சி செய்கிறார் என்று மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே ஆடம்ஸில் பதிய வேண்டும். (ஆடமாஸ் நம் மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு, ஆடம்ஸ் உலக அமைப்பான வாடாவின் இணையத்தளம். பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) தினமும் காலை 5 முதல் இரவு 11 மணிக்குள் ஒரு 60 நிமிடத்தையும் குறிக்க வேண்டும். அந்த நேரத்தில் சொன்ன இடத்தில் ஆள் இல்லையென்றால் ஒரு குறி. விவரம் பிழை என்றாலும் ஒரு குறி. 12 மாதத்தில் மூன்று சேர்ந்தால் 2 ஆண்டுத் தடை. தவறின் அளவைப் பார்த்து 1 ஆண்டுவரை குறைக்கலாம்.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருந்த காலம். தைப்பூசத்துக்குப் பாட்டி கூப்பிட்டார் என்று பினாங்குக்குப் பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். நான் ரதம் வரும் பாதையில் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில், கால் முழுக்க இளநீர்ப் பிசுக்கோடு நிற்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே முகவரியை மாற்றியிருக்கலாம், இரண்டு நிமிட வேலை. அதிகாரி ஒரு மணி நேரம் காத்திருந்து எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த 12 மாதமும் லிஃப்ட் சத்தம் கேட்டாலே முழித்துக்கொள்வேன்.

அதனால்தான் "ஜாகா விடல", "இன்டர்காம் கெட்டுப்போச்சு" என்று கேட்கும்போது இன்னமும் எரிச்சல் வருகிறது. சோதனைக்கு வருபவர் நம்மை வந்து அடைய வழி செய்வது நம் பொறுப்பு. போன் பண்ண வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் பண்ணினாலும் பண்ணலாம், பண்ணாமலும் போகலாம். கொண்டோவில் (அடுக்குமாடியில்) இருந்தால் பிளாக், மாடி, எந்த கேட் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். காவல் சாவடியில் ஒரு கடிதம் கொடுத்துவையுங்கள், ஜாகா மாறும்போதெல்லாம் திரும்பச் சொல்லுங்கள். நேரத்தைக் காலை 5 முதல் 6 என்று வையுங்கள். தெலுக் பஹாங் பக்கம் சைக்கிள் எடுக்கும் முன் படுக்கையில்தானே இருப்பீர்கள். 6 மணிவரை கழிவறைக்குப் போகாமல் அடக்கிக்கொள்ளுங்கள். ஆள் வந்தால் சிறுநீர் மாதிரி தரக் காத்திருக்க வேண்டியிருக்காது.

மால் எண்ணை நம்புவது

டப்பாவில் மால் (MAL) எண்ணும் முடிவில் டி (T) எழுத்தும் இருந்தால், பாரம்பரிய மருந்தாக சுகாதார அமைச்சில் பதிவானது என்று பொருள். போட்டிக்குத் தடையான பொருள் அதில் இல்லை என்று பொருள் அல்ல. சீன மருத்துவ மூலிகையான மா ஹுவாங்கில் எபெட்ரின் என்ற தடைப் பொருள் உண்டு. கிளினிக்கில் தரும் சளி மாத்திரையில் சூடோஎபெட்ரின் இருக்கலாம். சூடோஎபெட்ரின் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் போட்டிக் காலத்தில் குற்றம். போட்டிக் காலம் போட்டிக்கு முந்தின நாள் இரவு 11:59க்கே தொடங்கிவிடுகிறது. முட்டி வலிக்கு டாக்டர் போடும் கார்ட்டிசோன் ஊசியும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை.

ஓடி முடித்ததும் தண்ணீரை ஊற்றிக்கொள்வது

சோதனைக்குக் குறைந்தது 90 மி.லி. சிறுநீர் வேண்டும், அதன் அடர்த்தி 1.005க்குக் குறையக்கூடாது (150 மி.லி. அல்லது அதற்கு மேல் தந்தால் 1.003க்கு). என் பையன் ஒருவன் மூன்று போத்தல் தண்ணீர் குடித்துவிட்டுத் தந்தது பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது, 1.002. மறுபடி மறுபடி கொடுத்து, விடுதிக்கு வந்தபோது இரவு 9 மணி. மூடி உடைக்காத போத்தலாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

படிவத்தைப் படிக்காமல் கையெழுத்து

சோதனையின்போது தரும் படிவத்தில் கடந்த 7 நாளில் விழுங்கிய மருந்து, சத்து மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள், வைட்டமின் உட்பட. மாதிரிக் குப்பியின் எண்ணையும் படிவத்தோடு ஒத்துப்பாருங்கள்.

"விமானத்துக்கு நேரமாச்சு" என்று கிளம்புவது

சோதனைக்கு மறுத்ததாகவே கணக்கு. 4 ஆண்டுவரை தடை.