ஏடிஹெச்டி உள்ள பிள்ளையும் மைதானமும்: நாம் செய்யும் தவறுகள்

கோ-கோ ஆட்டத்தில் விரட்டும் அணியின் எட்டுப் பேர் நடுவில் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகில் கை பட்டு, 'கோ' என்ற சத்தமும் கேட்ட பிறகுதான் எழலாம். எங்கள் மாலைப் பயிற்சிக்கு வந்த பத்து வயதுப் பையன் ஒருவன், பக்கத்துக் கட்டத்தில் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடிவிடுவான். ஃபவுல். மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். நான்காவது முறை, "போய் வேப்பமரத்தடியில உட்காரு" என்று அனுப்பிவிட்டேன். அவனுக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) என்று அவன் அம்மா பிறகு வந்து சொன்னார். விதி அவனுக்கு நன்றாகத் தெரியும். உடம்பு கிளம்பும்போது பிடித்து நிறுத்தும் பிரேக்தான் அவன் மூளையில் தாமதமாக வேலை செய்கிறது.

ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவதுதான் நாம் செய்வதிலேயே பெரிய தவறு என்பேன். வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று பி.டி. பீரியடை வெட்டுவதும் இதே கணக்குதான். 20 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்க ஓடினாலே இந்தப் பிள்ளைகளுக்குச் சற்று நேரம் கவனம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 5 முதல் 17 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தினம் சராசரியாக 60 நிமிட உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். யாருக்கு அது அதிகம் உதவுமோ அவனிடமிருந்தே அதைப் பிடுங்குகிறோம்.

அதற்காக, "நல்லா ஓடவிட்டா அடங்கிடுவான், மாத்திரை எதுக்கு?" என்று பெற்றோரிடம் சொல்லவும் கூடாது. விளையாட்டு சிகிச்சைக்குத் துணைதான், மாற்று இல்லை. ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தைச் சாப்பிடும் பிள்ளைக்கு மதியம் பசி எடுக்காமல் போகலாம், இதயத் துடிப்பும் கொஞ்சம் கூடலாம். வெயிலில் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறானா என்று பாருங்கள், தண்ணீர் குடிக்க நீங்களே கூப்பிடுங்கள். பெரிய போட்டிகளுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: போட்டி நேரத்தில் இந்த மருந்து ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் வரும், முன்கூட்டியே மருத்துவ விலக்கு வாங்க வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அப்படி அனுமதி பெற்றே மருந்து எடுத்தார். 2016-இல் அவருடைய மருத்துவ விவரங்கள் களவாடப்பட்டு வெளியானபோது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அப்புறம், நம் வாய். "கூம்பைச் சுற்றி வந்து, பந்தை எடுத்து, இடது பக்கம் போட்டுட்டு, வரிசையில கடைசியா நில்லு." இதில் அவனிடம் தங்குவது முதல் இரண்டுதான். மீதியைச் செய்யாவிட்டால் திமிர் என்கிறோம். பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஒரே வாக்கியம் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், அவனையே திருப்பிச் சொல்ல வையுங்கள். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்துவது அவனுக்கு இன்னொரு இரைச்சல், அவ்வளவுதான்.

பதினைந்து பேரை ஒரே வரிசையில் நிறுத்தினால் அவன் தள்ளுவான், புல்லைப் பிடுங்குவான். அதையே மூன்று வரிசையாக்கிப் பாருங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுங்கள்.

துள்ளுகிறவனை மட்டும் பார்ப்பதும் தவறு. எல்லைக்கோட்டில் நின்று, தன் காலடியில் பந்து உருண்டு போவதைக்கூடப் பார்க்காத அமைதியான பெண்ணுக்கும் இதே ஏடிஹெச்டி இருக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு இருப்பது பெரும்பாலும் தெரியாமலே போகிறது. "கேரம் போர்டுன்னா ரெண்டு மணி நேரம் உட்கார்றானே, அவனுக்கா கவனம் இல்ல?" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: கவனம் இருக்கிறது, அதை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதுதான் சிரமம். நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கு ஒன்பது வயதில் ஏடிஹெச்டி என்று கண்டறிந்தார்கள். தண்ணீருக்குள் அவருக்குக் கவனம் குறையவில்லை, 23 ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்.

எங்கள் பையனை மறுவாரம் நான்கு பேர் மட்டும் கொண்ட சின்ன வரிசையில் உட்கார வைத்தேன். "காதை விடு, முதுகுல கை படுதான்னு மட்டும் பாரு" என்றேன். முதல் இரண்டு முறை அவசரப்பட்டு எழுந்தான். நானும் திட்டவில்லை, மறுபடி உட்காரச் சொன்னேன். மூன்றாவது முறை இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் அழுத்திக்கொண்டு காத்திருந்தான். கை பட்டது. எழுந்தான்.